எட்டாவது கல்

"குடையை அக்கட்டால வைங்க அம்மிணி... தண்ணி சொட்டுது..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சொட்டிவிட்டது. நாலு நாளாக லிங்கப்பன் கல்லின் மேல், ஒரு லேபிளின் எழுத்தைச் சுற்றி வரைந்துகொண்டிருந்த மயிலின் தோகையில் மூன்று துளிகள். எழுதும் மை கரைந்து, கன்றிய காயம்போல் பரவியது.

1933ஆம் வருஷத்து ஆடி மாத மழை. மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்த, கல்லில் வரைந்து தாளில் படம் அச்சடிக்கும் அந்தக் கல்லச்சுக்கூடத்தில், மழைக்கு ஒதுங்க வந்தவள் அன்னபூர்ணி. பெண்கள் பள்ளி ஒன்றில் சித்திர உபாத்தியாயினி.

லிங்கப்பன் நிமிர்ந்தான். திட்டத்தான் நிமிர்ந்தான்... மழை ஒட்டிய இமைகள். அவற்றுக்கு நடுவே பயமும் சிரிப்பும் ஒரே சமயத்தில் நின்ற கண்கள். அதற்கு மேலே, வெறும் நெற்றி.

"மன்னிச்சுக்கோங்கோ... ரொம்ப நாள் வேலையா?"

"பரவால்லீங்க. மயிலுக்கு மழைன்னா புடிக்குமுங்களே."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து கல்லை உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டேளே? கரைஞ்சப்புறம்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியறது."

"அப்ப நான் வரைஞ்ச தோகை?"

"எழுத்தை முழுங்கிண்டிருந்தது."

ராமாபுரத்திலிருந்து வந்து ஏழு வருஷமாகத் தொழில் செய்கிறான். யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. கோபம் வந்தது. மழை நிற்கக்கூடாது என்றும் இருந்தது...

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. ஆனாலும் அவள் வந்தாள். தன் கட்சியை நிரூபிக்க, ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பத்திரிகையைக் கொண்டு வந்திருந்தாள். அவனும் முதலாளியின் அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தான். பக்கத்தைச் சுற்றிலும் கொடி, கொடிக்குள் பூ, பூவுக்குள் எழுத்து.

"இங்கிலீஷ் எனக்குத் தெரியாதுங்க. முதலாளி சொன்னாரு. மெசின் வந்து எல்லாத்தையும் அசிங்கம் பண்ணிப்போட்டுதுன்னு, இந்தப் பொஸ்தகக்காரங்க மறுக்காவும் கையாலயே எழுத்து வெட்டிக் கையாலயே அடிச்சாங்களாமா. பாருங்க, என்ன உசுரு..."

"உசிர்தான். ஆனா அதுக்கப்புறம் நாப்பது வருஷம் ஆயாச்சு. வியன்னாவிலே அந்தக் கொடியைச் சதுரமாக்கினா. இப்போ ஜெர்மனியிலே கொடியே வேண்டாங்கறா. எழுத்து, ஒரு சிவப்புக் கோடு, மத்ததெல்லாம் வெள்ளை."

"வேலைக்காரனுக்குக் கூலி குடுக்க மனசில்லாம வெள்ளையா உட்டிருப்பாங்க."

"வெள்ளையா விடறதுக்குத்தான் தைரியம் வேணும்."

அவள் அதைப் படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம்; பதிமூன்றில் அது முடிந்துபோயிற்று. கணவனின் முகம் ஞாபகமில்லை. அப்பா கிருஷ்ணஸ்வாமி ரயில்வே குமாஸ்தா. சொந்தக்காரர்கள் வாசலில் நின்று கத்தியும், மகளின் தலைமுடியைத் தொடவிடாமல் பள்ளிக்கு அனுப்பியவர். ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: யார் வாயிலும் நீ விழாமல் இருக்கவேண்டும். அந்த வார்த்தையின் மேல் நின்றதுதான் அவளுடைய வேலை, சம்பளம், தனியே தெருவில் நடக்கும் உரிமை எல்லாம்...

ஆவணியில் ஓர் ஊதுவத்தி வியாபாரி லேபிள் கேட்டு வந்தார். லிங்கப்பன் அவளிடம் சொன்னான். அவள் ஒரே இரவில் வரைந்து கொடுத்தாள். கறுப்பு எழுத்து, ஒரு மெல்லிய புகைக்கோடு, அவ்வளவுதான். முதன்முதலாக அவனுக்கு அந்த வெள்ளை பிடித்திருந்தது. முதலாளி காளிதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்ப்பா, ஊதுவத்தியா, சாவு ஓலையா? விளக்கு ஏந்தின ஒரு லட்சணமான பொம்மனாட்டியைப் போடு."

போட்டான். எட்டு நிறம், எட்டுக் கல். மஞ்சளுக்கு ஒன்று, மேனிக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துப் பார்ப்பது வழக்கம். கடைசிக் கல் சிவப்பு. அதில் மூன்றே காரியம்: உதடு, தலைப்பூ, பொட்டு. பொட்டில்லாத பெண்ணை எந்த வியாபாரியும் லேபிளில் ஏற்கமாட்டான்.

பதினைந்து நாளில் மைசூர்க் கடைகளெங்கும் அன்னபூர்ணி விளக்கோடு நின்றாள்.

தலைமை உபாத்தியாயினி அவளைக் கூப்பிட்டு மேஜைமேல் ஓர் ஊதுவத்திப் பொட்டலத்தை வைத்தார். கோபமாகப் பேசவில்லை. "அம்மா, நான் உன்னை நம்பறேன். கமிட்டி நம்பாது. இனிமே இந்தப் படம் ஒண்ணுகூட அச்சாகக் கூடாது. அச்சானா, தசராவுக்கு அப்புறம் நீ இங்கே இருக்க முடியாது." அச்சுக்கூடத்துக்கும் கடிதம் போயிற்று. காளிதாஸ் படித்துவிட்டுச் சிரித்தார். "விக்கிற முகத்தை எவனாவது அழிப்பானா?"

வீட்டில் அப்பா பொட்டலத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உங்கம்மா ஜாடை..." என்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் அச்சுக்கூடத்துக்குப் போனபோது, லிங்கப்பன் கல் தேய்த்துக்கொண்டிருந்தான். கல்லின் மேல் கல்லைக் கவிழ்த்து, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு வட்டமாகத் தேய்த்தால் படம் போய்விடும். சுவரோரம் அந்த லேபிளின் ஏழு கற்கள் துடைத்த பலகைபோல் சாய்ந்திருந்தன.

"முதலாளி?"

"சாப்புடப் போயிருக்காருங்க. வந்தாருன்னா தொரத்திப்போடுவாரு. அதுக்குள்ள முடிக்கோணும்."

"அப்புறம் எங்கே போவேள்?"

"பம்பாயில கல்லச்சு நெறைய இருக்குதுங்களாமா."

"நான் உங்களைத் திட்டணும்னு வந்தேன்."

"திட்டுங்க. கைக்குத்தான வேலை, காது சும்மாத்தான இருக்குது."

"என்னைக் கேக்காம என் நெத்தியிலே..."

"லேபிள் பொம்பளைக்கெல்லாம் வெக்கறதுதானுங்க. பழக்க தோசம்..." அவன் நிறுத்தினான். ஈரக் கையைப் பார்த்தான். "பொய்யுங்க. மொகம் எனக்குத் தெரியாமத்தான் வந்துச்சு. ஏழு கல்லு ஓடுனப்ப தெரிஞ்சு போச்சு. அங்கயே அழிச்சிருக்கோணும். எட்டாவது கல்லுல தெரிஞ்சேதான் வெச்சேன். நெசத்துல வெக்க எனக்கு யோக்கியதை இல்லீங்க... ஒருக்கா பாத்துப்போடலாம்னு..."

வெளியே மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளின் சத்தம். அவள் தேய்ப்புமேடைக்கு அருகே வந்தாள்.

"நேத்து மார்க்கெட்டிலே பூக்காரி பசம்மா அந்தப் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தா. உன் தங்கையான்னு கேட்டா. ஆமான்னேன்."

"நல்லதுங்க. அப்படியே சொல்லிக்குங்க."

"கல்யாணம் ஆயிடுத்தான்னா. ஆயிடுத்துன்னேன். ஆத்துக்காரர் என்ன பண்றார்னா..." அவள் கண்கள் அவனை விட்டு நகரவில்லை. "படம் போடறவர்னேன்."

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சௌக்கியமா இருக்காளான்னு கேட்டா. ரொம்ப சௌக்கியமா இருக்கான்னேன்... அதைச் சொல்லும்போது எனக்குப் பொய் சொல்றாப்பலேயே இல்லை."

கடைசிக் கல் தேய்ப்புமேடையில் இருந்தது. அதில் முகம் இல்லை. ஓர் உதடு, ஒரு பூ, ஒரு புள்ளி. லிங்கப்பனின் கை எழவில்லை. அன்னபூர்ணிதான் மணலை அள்ளித் தூவினாள். தண்ணீர் ஊற்றினாள். மேல்கல்லின் மறுமுனையில் கை வைத்தாள்.

"பிடிங்கோ," என்றாள். "முதலாளி வந்துடுவார்."