மேசைக்கடியில் கேட்டது

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் ஆரம்பித்துவிட்டது.

ஆனந்தி வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அரை நொடிதான். சப்டைட்டில் போடுகிறவள் கண்ணுக்குத்தான் அது படும். வேலூரில் ரஞ்சித் நடத்தும் சின்ன கம்பெனிக்காக, ஜமுனாமரத்தூரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து அவள் செய்கிற வேலை இது. இந்த முறை வந்தவை ஆங்கில மொழிபெயர்ப்போடு சில பேட்டிகள். சீனாவில் உய்குர் மக்களை அடைத்து வைத்துவிட்டு, தொழிற்பயிற்சி மையம் என்று பெயர் போட்டிருக்கும் முகாம்களில், அவற்றை நடத்துகிறவர்களே எடுத்து அனுப்பியவை.

"நானாகத்தான் வந்தேன். தையல் கற்றுக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறேன்."

கல்லூரி வாத்தியார், கோதுமை விவசாயி, கசாப்புக் கடைக்காரர் என்று ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பதினோரு நொடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மத்தியானமே பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே புளியமரம் பாதிதான் தெரிந்தது. சுவரெல்லாம் ஈர வாசனை. போளூர் பஸ் எங்கோ ஒரு வளைவில் அடித்த ஹாரனும் பனிக்குள் கரைந்துபோக, ஹெட்போனுக்குள் அந்த முகாம் அறையின் அமைதி மட்டும், காலிக் குடத்துக்குள் காதை வைத்ததுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

பத்தாவது ஆள் ஒரு பெண். பெயர் தில்நூர். பச்சைத் தலைத்துணி. கைகள் மேசைக்கடியில். சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தாள். அப்புறம் ஒரு சத்தம். நகத்தால் பலகையைச் சுரண்டுவதுபோல். மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று முறை.

காது கேளாதவர்களும் பார்ப்பார்கள் என்பதால் எல்லாச் சத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதியாக வேண்டும். இருமினால் இருமல், கதவைச் சாத்தினால் கதவு. பழக்கத்தில் தட்டினாள்: (மேசைக்கடியில் நகத்தால் சுரண்டும் சத்தம்). அனுப்பியும் விட்டாள்.

சாயங்காலம் ரஞ்சித் போன் செய்தான்.

"இன்னாம்மா, பனியில உக்காந்துகினு பேய் சத்தமெல்லாம் கேக்குதா ஒனக்கு?"

"பேயில்லண்ணா. அந்தப் பொண்ணுதான் சுரண்டுது."

"வீடியோ குடுத்த பார்ட்டி கேக்குறாங்க. கரெக்டா எந்த செகண்டு?"

"ரெண்டு நிமிசம் பதினேழாவது செகண்டு." வேலையில் பிசகாத பெருமை குரலில் இருந்தது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் சுரண்டியிருக்கிறாள். அதைப் போய் அவர்களிடமே...

ரஞ்சித்தைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அண்ணா, என் தப்புதான். வெளிய நாய் சுரண்டுச்சு. அப்டியே சொல்லிடுங்கண்ணா."

"அப்பவே அனுப்பிட்டேனேம்மா."

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பனியும் விலகவில்லை. அவள் சோறு ஆக்கினாள், தின்ன முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு வீடியோ வந்தது. 'திருத்தியது' என்று போட்டிருந்தது.

அதே நாற்காலி. அதே வெள்ளை மேசை. அதே பச்சைத் தலைத்துணி.

பெயர் கேட்டார்கள்.

"தில்நூர்."

முகம் வேறு.

வேறு பெண். இன்னும் சின்ன வயசு. நானாகத்தான் வந்தேன். தையல். சந்தோஷம். பதினோரு நொடி.

கைகள் இரண்டும் மேசைமேல். சத்தமே இல்லை.

தலைத்துணி ஈரமாக இருந்தது. அலசி, காயாமல் கட்டியது.

ஆனந்தி திரையருகே குனிந்தாள்.

துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. மேசையில் விழுந்தது.

சிவப்பு.

அந்தப் பெண் சிரிப்பு மாறாமல் நேராகப் பார்த்தபடி, அதை மெதுவாக உள்ளங்கையால் மூடினாள்.