இரண்டாவது கன்ட்ரோலர்

பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டு மூன்று முறை துடைத்தும் கன்ட்ரோலரின் மேலிருந்த அந்தத் தடம் போகவில்லை. அது அழுக்கே இல்லை என்று பல் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுக்கு என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். இது சுற்றியுள்ள இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

அடுத்தவர்களின் மஞ்சள் பல்லை வெளுப்பது அவர் பிழைப்பு. மஞ்சளித்த பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி வெளுப்பது அவர் பைத்தியம். பைத்தியம் என்று பெயர் வைத்தது அவர் மனைவி. மாடி அறை அலமாரி நிறைய பெட்டிகள் இருந்தும், வீட்டு டிவியில் மாட்டி ஆட முதன்முதலாக வந்தவற்றில் ஒன்றுக்காக எட்டு வருடம் நாயாக அலைந்திருந்தார். போன வாரம்தான், வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் அது அகப்பட்டது. ஐம்பது வயதுப் பெட்டி. உள்ளே சிப் கிடையாது, நினைவு கிடையாது, ஸ்கோர்கூட அதற்குப் போடத் தெரியாது. ஆளுக்கொன்றாக இரண்டு கன்ட்ரோலர்கள். குமிழைத் திருகினால் திரையில் ஒரு வெள்ளைச் சதுரம் மேலும் கீழும் போய்ப் பந்தைத் தட்டும். எதிரில் இன்னொருவர் உட்காராவிட்டால் ஆட்டமே இல்லை.

வருடக்கணக்கில் வெளிச்சம் பட்டால் இந்த பிளாஸ்டிக் மஞ்சளித்துவிடும். எதுவாவது மறைத்திருந்த இடம் மட்டும் தப்பும். ஸ்டிக்கர் இருந்தால் சதுரமாகத் தப்பும். இரண்டாவது கன்ட்ரோலரின் இடது பக்கத்தில் தப்பியிருந்தது நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல். குழந்தையின் விரல்கள். அப்படியென்றால் அத்தனை வருடமும் அந்தக் கை... அதற்குமேல் யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் வந்து நின்ற மகள், அவர் தடுப்பதற்குள் அந்தத் தடத்தின் மேல் கையை வைத்தாள். ஏழு வயது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்பா, எனக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு!"

"எடு கையை," என்றார், தேவைக்கு மேலேயே சத்தமாக.

மறுநாள் ஞாயிறு. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் கன்ட்ரோலர்களின் மேல்மூடிகளைக் கழற்றி, வெளுக்கும் பசையைப் பிரஷ்ஷால் பூசி, கண்ணாடித்தாள் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் தட்டில் வைத்தார். காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ள மகளையே உட்கார வைத்தார். "தொடக் கூடாது. தள்ளி உட்காரு. தொப்பியைக் கழட்டாதே." எட்டு வருட ஆசையில், வெயிலில் பிள்ளையை உட்கார வைக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கீழே அறையில் சர்க்யூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு, மேலே மகள் பேசுவது கேட்டது. ஒரு வாக்கியம், பிறகு பதிலுக்குக் காத்திருப்பதுபோல் ஓர் இடைவெளி, பிறகு சிரிப்பு. ஏறிப் போய்ப் பார்த்தார். தட்டுக்கு இரண்டு எட்டு தள்ளி, படம் வரைந்துகொண்டு தனியாகத்தான் இருந்தாள்.

"யார்கிட்ட பேசற?"

"வெயில் சுடுதாம்பா."

"யாருக்கு?"

அவள் பென்சிலால் தட்டைக் காட்டிவிட்டு வரையத் தொடங்கினாள். பிள்ளைகள் பேசுவதுதானே என்று டாக்டர் இறங்கிவிட்டார்.

ஐந்து மணி நேர வெயில் போதும். சாயங்காலம் கண்ணாடித்தாளைப் பிரித்தார். மருந்து வாடையோடு சூடான பிளாஸ்டிக் வாடையும் எழுந்தது. முதல் மூடி பால் பல் மாதிரி வெளுத்திருந்தது. இரண்டாவதும் வெளுத்திருந்தது, பழைய தடம் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் வலது பக்க விளிம்பில் மட்டும் வெயில் விழாமல் மஞ்சள் அப்படியே நின்றிருந்தது.

நான்கு விரல்கள். கட்டைவிரல் இல்லை. விளிம்பைப் பிடித்து ஏற முயல்பவரின் விரல்கள்போல் வெளியே தொங்கின, மகள் உட்கார்ந்திருந்த பக்கமாக.

"நீ பிடிச்சியா?"

"நீங்கதானே தொடாதேன்னீங்க."

அவள் பிடித்திருந்தாலும் ஆகாது. ஐந்து மணி நேரம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அவருக்கு அது தெரியும்.

அப்போதே தூக்கிப் போட்டிருக்கலாம். எட்டு வருடம் தேடியவனுக்கு மனசு வருமா? ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தார். மகளைக் கூடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, மூடிகளை மாட்டி, பழைய படக்குழாய் டிவியோடு பெட்டியை இணைத்தார். டிவி ரீங்கரித்தது. திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் வந்தன. ஒன்று அவர் கையில். இன்னொன்றின் கன்ட்ரோலர் மேஜையின் மறுகோடியில், நாற்காலி காலியாக.

பந்தைத் தட்டினார். அது மறுபக்கம் போய்த் தப்பும்.

தப்பவில்லை.

எதிர்ச் சதுரம் மெல்ல இறங்கி, பந்தைத் திருப்பி அனுப்பியது. கோளாறு, என்றது மனசு. உள்ளே மூளை இல்லாத பெட்டி, தானாக ஆடத் தெரியாத பெட்டி, என்றது அறிவு. குமிழைத் திருகினால் மட்டும்தான் அது நகரும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேஜையின் மறுகோடியைப் பார்த்தார்.

குமிழ் திரும்பியது. நின்றது. அவருடைய ஆட்டத்துக்குக் காத்திருந்தது.

ஒயரைப் பிடுங்கினார். பெட்டியையும் கன்ட்ரோலர்களையும் அள்ளிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி, குப்பைத்தொட்டியில் வீசினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து கதவைத் தாழிட்டபோது, கூடத்து விளக்கடியில் மகள் படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

"ஏம்பா தூக்கிப் போட்டீங்க?" என்றாள். "அவ பிடிச்சுக்கிட்டிருந்ததே அது ஒண்ணுதான்."

"யாரும்மா? யாரு?"

அவள் வேறு கலரை எடுத்தாள். கலர் அடிப்பது வலது கை. இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. டாக்டர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கினார். பகல் முழுக்க வெயில் குடித்து முழங்கை வரை கருத்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் கருக்கவில்லை.

நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல்.

"வலிக்குதாடா?"

"மத்தியானம் சும்மாதான் பிடிச்சிருந்தா. இப்பதான் இறுக்கறா."

கட்டைவிரலால் அந்த வெளுப்பைத் தேய்த்தார். தடம் மட்டமாக இல்லை. தோல் ஐந்து இடத்தில் குழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் குழி மேலெழுந்து மறைந்தது. ஒரு விரற்கடை தள்ளி, முழங்கைப் பக்கமாக, புதிதாக ஒன்று மெல்ல அழுந்தியது.