செருப்பின் மூக்கு எந்தப் பக்கம்?

“மூன்று நாளில் வருவேன், தேட வேண்டாம்” என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போன மாசிலாமணி, நான்காம் நாள் காலையிலும் வரவில்லை. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனிதருக்குக் கடவுள் குடியிருக்கும் இடத்தையும் அளந்துவிட ஆசை! ஏதோ ஒரு செப்பேட்டில் ‘ஈசன் உறையும் குகை, கூகைமலை’ என்று படித்ததுதான் தாமதம், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எடுத்துப் போனது மூன்று நாள் சாப்பாடு. சர்க்கரைக்காரர் வேறு. பசி வந்தால் மயங்கி விழுந்துவிடுவார், காலில் முள் குத்தினால் தெரியவே தெரியாது.

மகள் பூங்கோதை கடலை மிட்டாயும் மருந்தும் எடுத்துக்கொண்டு மலையேறினாள். கூடவே கல்லூரித் தோழன் சகாயம். வழிகாட்ட மலைக்காரர் பொம்மன்.

“எங்க சாமிக்கு இந்தக் கஷ்டமே இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல கோயிலுக்குப் போனா அங்கயே இருக்கும்” என்று மூச்சிரைத்தான் சகாயம். பிறகு பொம்மனின் வெறுங்காலைப் பார்த்து, “அண்ணே, நீங்க செருப்பே போட மாட்டீங்களா?” என்றான்.

“மலையில எங்க கழட்டுறது, எங்க போடுறதுங்க?” என்றார் பொம்மன், திரும்பிப் பார்க்காமலே.

மதியம் குகை வாசலை அடைந்தார்கள். உள்ளே நுழைந்ததும், அதோ! அப்பாவின் தோல் செருப்பு! பூங்கோதை பாய்ந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“உள்ளதான் இருக்கார்! சாமி இல்லாத இடத்துல அப்பா செருப்பைக் கழட்டவே மாட்டார்!”

டார்ச்சை அடித்து, “அப்பா!” என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். ஆழத்திலிருந்து ஒரு குரல், “கோதே...!” தவழ்ந்தார்கள், முட்டி தேய நகர்ந்தார்கள். குரல் வந்துகொண்டே இருந்தது, ஆளைத்தான் காணோம். கடைசியில் சுவர் வழிமறித்தது. தலைக்கு மேலே, மூன்று ஆள் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியே வெளிச்சமும் மழைத்துளியும் அப்பாவின் குரலும் இறங்கின.

“அப்பா! வெளியிலயா இருக்கீங்க?”

“பாறை மேல கிடக்கேம்மா. கால் வீங்கிப்போச்சு, எந்திரிக்க முடியல. நேத்து ராத்திரியிலேருந்து சாப்பிடல.”

“அப்புறம் ஏன் உள்ள செருப்பு கிடந்துச்சு?”

கேட்கும்போதே பூங்கோதைக்குத் திடீரென்று உறைத்தது. எந்தக் கோயிலில் கழற்றினாலும் அப்பா செருப்பின் மூக்கு சன்னிதியைப் பார்த்தபடி இருக்கும். கூட்டத்தில் அதை வைத்துத்தான் அவர் எந்தச் சன்னிதியில் நிற்கிறார் என்று அம்மா கண்டுபிடிப்பாள். ஆனால் இன்று வாரி எடுத்த அவசரத்தில் இவள் மூக்கைப் பார்க்கவே இல்லை!

“பொம்மண்ணா, செருப்பு எந்தப் பக்கம் பாத்திருந்துச்சு?”

“வெளியப் பாத்துதாம்மா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

யாரை நோவது! திரும்பி ஓடினார்கள். வரும்போது வாசலுக்கு முன்னால் தாண்டி வந்த சின்ன ஓடை இப்போது மழையில் பெருகி, இடுப்பளவு தண்ணீர் குகைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. இறங்கப் போன சகாயத்தைப் பொம்மன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இப்ப எறங்குனா ஆள் தேறாது. மழை விடணும்.”

மீண்டும் வெடிப்புக்கு அடியில் வந்து நின்றாள். கடலை மிட்டாயை மேலே வீசினாள். பாறையில் இடித்து அவள் காலடியிலேயே விழுந்தது. வீசினாள், விழுந்தது. நாலைந்து முறை வீசியபின் அது துண்டு துண்டாகிவிட்டது. சகாயம் அவனுக்குத் தெரிந்த ஜெபத்தை முணுமுணுத்தான். மழை ஒன்றும் விடவில்லை.

“தூங்கிடாதீங்கப்பா! பேசிட்டே இருங்க. உள்ள என்ன பாத்தீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. வெறும் வவ்வால்.” குரல் குழறியது. “திரும்பி வாசலுக்கு வந்தேன்... மலை, மேகம், கீழ காடு... செருப்போட எங்க மிதிக்கிறதுன்னே தெரியல. அதான் கழட்டிட்டேன்.”

“அப்பா?”

மேலிருந்து வந்த குரல் நின்றுபோனது. மழை விடும்வரை அந்த ஒரு மணி நேரம் அவள் வாழ்நாளிலேயே நீளமானது. கத்தத்தான் முடிந்தது, வேறு எதுவும் முடியவில்லை.

மழை விட்டதும் பொம்மன் கொண்டுவந்திருந்த கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்து பாறையேறினார்கள். மாசிலாமணியின் உதடு அசைந்தது. உயிர் இருந்தது! நொறுங்கிய மிட்டாயைத் தண்ணீரில் கரைத்து, பூங்கோதை சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். வலது பாதம் கறுத்திருந்தது. அப்பாவின் பையில் இருந்த போர்வையைத் தூளியாகக் கட்டி மூவரும் மாறி மாறிச் சுமந்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், ஆள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் பார்க்க வந்த சகாயம் வார்டு வாசலில் நின்றான். இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பூங்கோதையின் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அதன் மூக்கு ஏழாம் நம்பர் கட்டிலைப் பார்த்திருந்தது.

அவனும் ஷூவைக் கழற்றினான்.