வேர்த்து வந்தவர்கள்

வாடகை வண்டிக் கடை மேனகா ஒரு முடிவோடுதான் உப்பளம் பகுதியில் இருக்கும் ஹாஜிராவின் அலுவலகப் படியேறினாள். கல்லாவில் நிற்கும் சிலம்பரசனை இன்று மாலையோடு வேலையை விட்டு அனுப்பிவிடுவது. திரும்பி வரும் வண்டிகளைப் பதியும்போது கடைக் கம்ப்யூட்டர் நடுநடுவே செத்துப்போகிறது. எதிர்க்கடைக்காரன் பேச்சைக் கேட்டு அவன்தான் அதில் கைவைக்கிறான், அதை நிரூபித்துத் தர வேண்டும் என்றாள்.

ஹாஜிரா புரோகிராம்களில் நடக்கும் குற்றங்களைத் துப்பறிபவள். உதவியாளன் அஜித்துக்கு இந்த வழக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதியவனே அவன்தான். ஆகவே அதில் தப்பிருக்க வழியே இல்லை என்பது அவன் கட்சி. சிலம்பரசனின் முழியே சரியில்லை என்று கடைக்குள் நுழைந்தபிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். அது சிலம்பரசன் காதிலும் விழுந்தது.

ஹாஜிரா சிலம்பரசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கம்ப்யூட்டர் நின்றபோதெல்லாம் எதிரே நின்றவர்கள் எப்படி இருந்தார்கள்?

"எல்லாருமே வேர்த்துத் தொப்பலா இருந்தாங்க மேடம். வந்ததும் தண்ணி கேட்டாங்க. ஒருத்தர் கையிலயும் ஹெல்மெட் இல்ல."

வேர்வை கீபோர்டில் சொட்டியிருக்கும் என்று அஜித் உடனே ஒரு துப்புக் கொடுத்தான். ஹாஜிரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரையும் கல்லாவைச் சுற்றி நிற்க வைத்து, ஒரு ஸ்கூட்டரைப் பதிந்தாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. அடுத்து ஒரு சைக்கிளைப் பதிந்தாள். உயிர் போயிற்று.

"வேர்த்து வந்தவங்க பெடல் மிதிச்சவங்க," என்றாள். "புரோகிராம்ல 'வண்டி'ன்னு ஒரு வகை இருக்கு. அதுக்கு ஸ்கூட்டர், சைக்கிள்னு ரெண்டு புள்ளைங்க. திரும்பி வர்றது எல்லாம் 'வண்டி'ங்கற பொதுப் பேர்லதான் உள்ள வருது. அஜித் அது எந்தப் புள்ளைன்னு விசாரிக்கல. ஸ்கூட்டர்தான்னு அடிச்சுச் சொல்லி, பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு கேக்குறான். சைக்கிள் பெட்ரோலுக்கு எங்க போகும்?"

அஜித்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ ஸ்கூட்டரா என்று முதலில் கேட்டு, ஆமென்றால் மட்டும் பெட்ரோல் பேச்சை எடுக்கும்படி அங்கேயே திருத்தி எழுதினான். இந்த முறை சைக்கிள் பேசாமல் பதிவானது. மேனகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிலம்பரசன் சிரிக்கவில்லை. "என்னையும் அப்படித்தானக்கா கைவச்சவன்னு அடிச்சுச் சொன்னீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

மேனகாவின் முகம் சிறுத்துப்போனது. தப்பு தன்னுடையதுதான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்கு வேலைக்கு வர்றியா சிலம்பு?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா," என்றான் சிலம்பரசன்.