குன்றவாணர் தேர்ந்த பரிசல்

அன்பார்ந்த வாசகர்களே! கார்காலத்து மழை ஓய்ந்து, கரை தளும்ப நிறைந்து கிடந்த பேரேரியின் மீது தன் கடைசிப் பொற்கதிர்களை வாரி இறைத்துவிட்டுக் கதிரவன் மேற்கு மலைகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருக்கும் இந்த வேளையில், வேங்கைமேட்டுக் கோட்டையின் படித்துறைக்கு எங்களோடு வாருங்கள். நாணற்புதர்களில் நாரைகள் அடைகின்றன. கோட்டை மதிலுக்கு மேலே முழுநிலா மெல்ல எட்டிப் பார்க்கிறது. படித்துறையில் மூன்று படகுகள் கட்டப்பட்டிருக்க, அவற்றை மாறி மாறி நோக்கியபடி தோளில் வில்லோடு நிற்கிறாளே ஒரு பெண், அவள்தான் மருதநாட்டு இளவரசி வரகுணை.

விருந்தினர் என்ற பெயரில் அவளை அங்கே சிறை வைத்திருந்தார் கோட்டைத் தலைவர் குன்றவாணர். அவருடைய நாட்டுக்கும் அவள் தந்தையின் நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. மருதநாட்டுப் படை அதைக் கடந்து வந்துவிடக் கூடாதென்று ஆற்றிலிருந்த படகுகள் அனைத்தையும் அவர் எரித்துவிட்டிருந்தார். வரும் வெள்ளியன்று வரகுணையைத் தம் மகனுக்கு மணமுடித்துவிட்டால் மருதநாடே தம் கைக்குள் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இந்நிலையில், ஆற்று மடுவில் ஒரு முதலை புகுந்து ஆடுமாடுகளையும் துறைக்கு வந்த ஒரு வண்ணானையும் இழுத்துப் போயிற்று. கரையூரார் வந்து கதறியபோது, "அதை நான் எய்து கொல்கிறேன்" என்றாள் வரகுணை. வேட்டைப் பிரியரான குன்றவாணர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆழமான மடுவில் வேட்டையாடப் படகு வேண்டும். படகுகளோ ஏரியில் மட்டுமே இருந்தன. ஒன்றைத் தேர்ந்து வண்டியிலேற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

"அந்த அன்ன முகப் படகை அனுப்புங்கள் ஐயா. அமர்ந்து வில் வளைக்க வசதியாயிருக்கும்" என்றாள் வரகுணை.

"அது வண்டியில் ஏறாது அரசே!" என்று குறுக்கிட்டான் காவற்படைத் தலைவன் கொற்றன். "ஒற்றை மரத்தைக் குடைந்த இந்த ஓடமே தகும். முதலை வாலால் அடித்தாலும் தாங்கும். தோல் போர்த்த அந்தப் பரிசல் மட்டும் வேண்டவே வேண்டாம்."

பிறர் சொன்னதை ஏற்பது தம் பெருமைக்கு இழுக்கென்று எண்ணுகிறவர் குன்றவாணர். அவர் உரக்கச் சிரித்தார். "வேட்டைக்குப் போகிறீர்களா, கடல் வணிகத்துக்கா? ஓடம் அம்புபோல் நேரே அக்கரைக்கும் போய்விடுமே கொற்றா, அதை யோசித்தாயா? பரிசல் சுழன்றுகொண்டேதான் கிடக்கும். பரிசலே போகட்டும்! நீயும் இளவரசியோடு அதில் ஏறிக்கொள்."

ஏமாற்றம் அடைந்தவள் போல் வரகுணை தலை குனிந்துகொண்டாள். உள்ளமோ துள்ளியது. ஆற்றங்கரை அரண்மனையில் பிறந்த அவளுக்குப் பரிசல் தொட்டில் போன்றது. பெருவெள்ளத்திலும் தனியாகச் செலுத்துவாள். ஆனால் கொற்றனும் ஏறினால்? அக்கோட்டையில் அவள் அஞ்சியது அந்த ஒருவனுக்குத்தான். சில திங்களுக்கு முன் பணியில் சேர்ந்த அவன் சிரித்து எவரும் பார்த்ததில்லை. கல்லில் செதுக்கியது போன்ற முகம். எங்கே திரும்பினாலும் அவளையே கவனிக்கும் கண்கள். அன்று அவள் தன் இடைக் கச்சையில் ஒரு குறுவாளை மறைத்துக்கொண்டாள்.

மறுநாள், வைக்கோல் பரப்பிய வண்டியில் ஆமை ஓடு போலக் கவிழ்த்து வைக்கப்பட்ட பரிசல் கருவேலங்காட்டு வழியே புறப்பட்டது. முன்னும் பின்னும் குதிரை வீரர்கள். பாதி வழியில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க, வண்டி சாய்ந்தது. பரிசல் சரிந்து முட்கிளையில் மோதிற்று. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்தது.

"ஐயோ சாமி! தோலு கிழிஞ்சுபோச்சே! என் தலை போயிருமே!" என்று வண்டிக்காரன் அலறினான்.

"திரும்பிவிடலாம். கலியாணம் முடிந்தபின் ஓடத்தை எடுத்து வருவோம்" என்றான் ஒரு வீரன்.

வரகுணைக்கு உலகமே இருண்டது. அப்போது கொற்றன் குதிரையிலிருந்து குதித்தான். தன் தோற்பையை அறுத்து ஒட்டு வைத்து, ஊசி கோத்துத் தானே தைத்தான். குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கச் செய்து தையலின் மீது பூசினான். "திரும்ப வேண்டாம். நிலா ஏறுமுன் மடுவை அடைந்தாக வேண்டும்" என்றான்.

தன்னைக் காவல் காப்பவனுக்கு இத்தனை அவசரம் ஏன் என்று அவள் வியந்தாள்.

அந்தி மயங்கும் நேரத்தில், வண்டி வைக்கோலை அடியில் பரப்பி, வரகுணையும் கொற்றனும் ஏறிக்கொள்ள, பரிசல் மடுவில் இறங்கியது. கரையெங்கும் வீரர்கள் வில்லேந்தி நின்றார்கள். நீரில் நிலவொளி நெளிந்தது. திடீரென்று இரண்டு கண்கள் மட்டும் நீருக்கு மேலே மிதந்து வந்தன. வரகுணை மூச்சை அடக்கி அம்பை விடுத்தாள். இடக்கண்ணில் அம்பு தைத்த முதலை துள்ளி விழுந்து, நீரைக் கலக்கி, வெண்வயிறு தெரிய மல்லாந்தது. கரையில் எழுந்த ஆரவாரம் விண்ணைப் பிளந்தது. வீரர்கள் வில்லைப் போட்டுவிட்டு, முதலையை இழுக்கக் கயிறு தேடி ஓடினார்கள்.

பரிசல் சுழன்று நடுநீரோட்டத்துக்குள் போயிற்று. வரகுணை குறுவாளை உருவினாள். "துடுப்பைக் கொடு!"

"வாளைப் பிறகு எடுக்கலாம் தேவி" என்றான் கொற்றன், நிதானமாக. "இந்த வெள்ளத்தில் அக்கரை சேர இரண்டு துடுப்புகள் வேண்டும். மற்றொன்று தங்கள் காலடியில், வைக்கோலுக்குள் இருக்கிறது."

அவள் வைக்கோலை விலக்கிப் பார்த்தாள், இருந்தது! திகைக்கவும் நேரமில்லை. இருவரும் மூச்சுப் பிடித்துத் துழாவினார்கள். பின்னால் கூக்குரல் எழுந்தது. அம்புகள் சீறி வந்து நீரில் விழுந்தன. தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தது, ஆனால் பிரியவில்லை. சற்றைக்கெல்லாம் பரிசலின் அடி மணலில் உரசியது. மருதநாட்டு மணல்! வரகுணை குதித்திறங்கி, அதை இரு கைகளிலும் அள்ளி முகத்தோடு சேர்த்துக்கொண்டு விம்மினாள். எத்தனையோ இரவுகளாக நெஞ்சை அழுத்திய பாரம் கண்ணீராகக் கரைந்து போயிற்று.

பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "தாங்கள் யார்?"

"கொற்றன் அல்ல. ஆனைக்கரை வேளின் மகன் விடங்கன்."

அவள் முகம் சிவந்தது. முன்னொரு நாள் அவனுக்காகப் பெண் கேட்டு வந்த தூதர்களை, முகம் தெரியாதவரை மணக்கமாட்டேன் என்று நிறைந்த சபையில் திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

"ஆகையால் முகத்தைக் காட்ட வந்தேன்" என்றான் விடங்கன். "காட்ட வாய்த்த இடம்தான் சற்றுப் பிசகிவிட்டது. குன்றவாணரிடம் ஒன்றை வேண்டாமென்றால்தானே அது கிடைக்கிறது! ஓடமென்றால் கண்கொத்திப் பாம்பாய்க் காவல் இருந்திருக்கும்; சுழலும் பரிசலை யார் சந்தேகிப்பார்கள்? அதை அப்படித்தான் பெற்றேன்." முதன்முறையாக அந்தக் கல்முகம் மலர்ந்தது.

அழுகையினூடே வரகுணை கலகலவென்று நகைத்தாள். ஆற்றுநீரை உள்ளங்கையில் ஏந்தி நிலவை நோக்கி நின்றாள்.

"இந்த நீரின் மீது ஆணை, இளவரசரே! என் தந்தை எந்த நாட்டு மன்னர் மகனைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் சரி, நான் பார்த்துப் பார்த்து நடுங்கிய இந்த முகத்தைத் தவிர வேறொரு முகத்தை ஏறிட்டும் பாரேன்!"

முதலைக்கும் அம்புக்கும் கலங்காத ஆனைக்கரை இளவரசன், கையில் பிடித்த துடுப்பைக் கீழே வைக்கவும் மறந்து முழங்கால் நீரில் அப்படியே நின்றான்.