இரும்புப் பாலத்தில் எட்டு ஓட்டைகள்

வியாழக்கிழமை, காலை 7.10.

மலையில், அரியூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்துக்கும் மேலே, கருங்காட்டு ஓடையின் இரும்புப் பாலத்தில் எட்டு போல்ட்டுகளைக் காணவில்லை. முதலில் பார்த்தவர் காவலாளி அர்த்தனாரி. அடியில் படர்ந்த கொடியை அறுக்க ஏணியில் இறங்கியவர், ஓர் இணைப்பில் எட்டு ஓட்டைகள் வெறுமனே கிடப்பதைக் கண்டார். உடனே பொறியாளருக்குப் போன் போட்டார். அந்தப் போன்தான் வினையாக முடிந்தது.

அந்தக் காலத்தில் மலையிலிருந்து மரம் இறக்கிய குட்டி ரயிலுக்காகக் கட்டிய பாலம் அது. பழைய இரும்புக்குப் போகவேண்டியதைக் காப்பாற்ற முடிவுசெய்து, துருவேறிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டுப் புது போல்ட் முடுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு டிராலி ஓடப்போகிறது.

பொறியாளர் நவநீதகிருஷ்ணன் துறையூர்க்காரர். வந்ததும் வராததுமாக அர்த்தனாரியின் பையைக் கவிழ்த்தார். ஒரு ஸ்பேனர் விழுந்தது. போதாதா? சந்தைக்குப் போகிற சனமும் அர்த்தனாரியின் மனைவி பாப்பாத்தியும் பார்த்துக்கொண்டிருக்க, "திருட்டுப் பயலே!" என்று கத்தினார்.

"இது கைப்பிடிக் கம்பி முடுக்க மேஸ்திரி குடுத்ததுங்க" என்று அர்த்தனாரி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

9.40.

சப்-இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா வந்தார். அர்த்தனாரியை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

"நீங்களும் வாங்க சார்."

"இங்கிருந்தே தெரியுது மேடம்."

தெரியவில்லை. நவநீதகிருஷ்ணனுக்கு உயரம் என்றால் குலைநடுக்கம். முதல் நாள் அந்த ஏணியைத் தொட்டதோடு சரி. ஏழு மாதமாகப் பாலத்துக்கு அடியில் போனதில்லை. மேஸ்திரி பூபதி 'முடிஞ்சுதுங்க' என்றால் கையெழுத்துப் போடுவார். நானெல்லாம் ஒரு பொறியாளரா என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பு. அதை மறைக்கத்தான் எல்லோர்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

10.15. ரஞ்சிதா மேலே வந்தார்.

"அந்த இணைப்புல மொத்தம் எத்தனை போல்ட்?"

"இருபத்துநாலு."

"மீதிப் பதினாறுலயும் மஞ்சள் கோடு இருக்கே?"

"முடுக்கினதும் போடுற அடையாளம். நட்டுல ஆரம்பிச்சுத் தகடு வரைக்கும் ஒரே இழுப்பு. நட்டு அசைஞ்சா கோடு விலகிடும்."

"காணாமப் போன எட்டுக்கும் போட்டிருந்துச்சா?"

"போடாமலா?"

"நீங்க பார்த்தீங்களா?"

"போன வெள்ளிக்கிழமை இறங்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

பொய் சரளமாக வந்தது. காது மடல் சுட்டது. ஜீப்பிலிருந்து அர்த்தனாரி நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த ஸ்பேனர் அந்த நட்டை வளைச்சுப் பிடிக்கவே இல்லை. ரொம்பச் சின்னது" என்றார் ரஞ்சிதா.

"அப்ப வேற யாரு மேடம் திருடன்?"

"திருட்டே நடக்கலை சார்." கீழே எடுத்த படத்தைப் போனில் காட்டினார். "போல்ட்டைக் கழட்டினா, நட்டுமேல இருக்கிற பாதிக் கோடு நட்டோட போயிடும். தகட்டுமேல இருக்கிற மீதி எங்க போகும்? இந்த எட்டு ஓட்டையைச் சுத்தி மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை. வாஷர் அழுந்தின தடமும் இல்லை. சிவப்புப் பெயிண்ட் அடிச்சது அடிச்சபடி இருக்கு. போல்ட் போடவே இல்லை சார். போடாததை யார் திருடுறது?"

பூபதிக்குப் போன் போய், ஸ்பீக்கரில் குரல் வந்தது. "எட்டு போல்ட் பத்தலைங்க மேடம். லோடு வந்ததும் போட்டுக்கலாம்னு சும்மா முடிஞ்சுதுன்னு சொன்னேனுங்க. சாரும் கையெழுத்துப் போட்டுட்டாருங்களா, அப்படியே விட்டுட்டேன்."

ரஞ்சிதா போனை வைத்தார். "உங்க மேஸ்திரி ஏமாத்தினார். நீங்க அதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க. வெள்ளிக்கிழமை இறங்கிப் பார்த்ததா சொன்னீங்களே சார்?"

"இறங்கலை" என்றார் நவநீதகிருஷ்ணன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பிள்ளைகள் டிராலியில் ஏறியிருப்பார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சனம் இன்னும் கலையவில்லை. அவர் ஜீப்பருகே போய் அர்த்தனாரி முன் நின்றார். பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் ஒரு நாளும் கீழ இறங்கினதில்லை. எனக்குப் பயம்."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க சார். ஏணியத் தொட்டதுமே உங்க கை நடுங்குச்சு."

"இதை ஏன் மேடம்கிட்டச் சொல்லலை? நான் பொய் சொல்றேன்னு சொல்லியிருந்தா, அப்பவே உங்களை விட்டிருப்பாங்களே!"

அர்த்தனாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத்தன சனம் நிக்குதுங்க. ஒரு மனுசனோட பயத்த நாலு பேரு முன்னால எப்படீங்க சொல்றது?"