ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு

கல்யாணமாகி மூன்றாவது மாதம் மெக்கானிக் தன் பட்டறையைக் காலி செய்துவிட்டு மனைவியின் வீட்டுக்கே குடிவந்தான். பெட்டி, படுக்கை, ஸ்பேனர் மூட்டை எல்லாம் ஒரே நடையில் வந்து சேர்ந்தன. ஷெட்டில்தான் இடமில்லை. அங்கே அவளுடைய முதல் புருஷனின் பழைய டீசல் கார் நின்றது. அந்த மனிதர் ஒரு காலையில் சாவியில் கை வைத்தபடியே நெஞ்சடைத்துப் போனவர். அதற்குப் பிறகு வண்டி யாருக்கும் கிளம்பவில்லை.

"யாருக்கும்னா? எனக்குக் கிளம்பும் பாரு," என்றான்.

கிளம்பவில்லை.

பேட்டரி புதிதாகப் போட்டான். செல்ஃப் மோட்டார் ஜோராகச் சுற்றியது. டீசல் ஃபில்டரை மாற்றினான். குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று கைப்பம்பை அது கல்லாக இறுகும்வரை அமுக்கினான். டீசல் நன்றாகவே பீய்ச்சியது. குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தான். நான்கும் பழுத்துச் சிவந்தன. ஆனாலும் புகைக்குழாயில் ஒரு நூல் புகைகூட வரவில்லை. வெகுநாள் பூட்டிய அறையின் வாடைதான் வந்தது.

போதாக்குறைக்கு டிரைவர் சீட் கடைசிவரை பின்னுக்குப் போய்ச் சிக்கியிருந்தது. இறந்தவர் ஆறடிக்கு மேல். இவனோ குட்டை. எண்ணெய் விட்டான், சுத்தியலால் தட்டினான், சீட் அசையவில்லை. கிளச் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டான். "வண்டியா தொட்டிலாண்ணே?" என்று பக்கத்து வீட்டு பெயிண்டர் கேட்டுச் சிரித்தான்.

மனைவி சிரிக்கவில்லை.

"ஹீட்டர் விளக்கு அணைஞ்சதும் அவர் உடனே சாவியைத் திருப்ப மாட்டாருங்க," என்றாள், பானட்டைத் தடவியபடி. "மூணு மூச்சு பொறுப்பாரு. அப்புறம் ஒரே திருப்பு."

அந்தக் குரலில் இருந்த குழைவு தன்னிடம் பேசும்போது ஒருநாளும் வந்ததில்லை என்று அவனுக்குத் தெரியும். செத்தவனோடு எப்படி மல்லுக்கட்டுவது? இந்த வண்டி ஒழிந்தால்தான் அவள் தன் பக்கம் திரும்புவாள் என்று முடிவுகட்டி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசிவிட்டான். ஆனால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனால் மெக்கானிக்கின் மானம் கப்பலேறிவிடும். ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

மறுநாள் காலை அவளும் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒரு தடவை," என்றாள்.

சாவியைப் பாதி திருப்பினான். டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்தது. அணைந்தது.

பேட்டரி சரி, டீசல் சரி, சூடும் சரி. அவன் சோதிக்காமல் விட்டது ஒன்றுதான், திருப்புகிற ஆள். வீம்பை விழுங்கிக்கொண்டு, முதல்முறையாக, செத்தவன் செய்தபடியே செய்துபார்க்கத் துணிந்தான்.

ஒரு மூச்சு. அதே வாடை.

இரண்டாவது மூச்சு. கூடவே, தலையணைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, இன்னொரு மூச்சு.

மூன்றாவதை அவன் இழுக்கவில்லை. அது தானாகவே அவன் நெஞ்சுக்குள் நுழைந்தது.

சாவி திரும்பியது.

ஒரே திருப்பு. எஞ்சின் கடகடவென்று உயிர்பிடித்தது.

கிளம்பிவிட்டது என்று கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டியது. இரும்புக் கடைக்கு இடப்பக்கம் போகவேண்டும். அவன் கைகள் வலப்பக்கம் ஒடித்தன. இத்தனை நாள் எக்கி எக்கிப் பார்த்தாலும் காரின் கூரையை மட்டுமே காட்டிய பின்பார்வைக் கண்ணாடியில், இப்போது பின்னால் ஓடும் சாலை முழுவதும் தெரிந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏங்கிக் கிடந்த பார்வை அதுதான்.

"வந்துட்டீங்களா?" என்றாள், காதோடு காதாக.

'நான் உன் பக்கத்துலதானே இருக்கேன்!' என்று உள்ளே அவன் அலறினான். அவன் தலை, ஆமாம் என்று மெல்ல ஆடியது.

அவள் கைநீட்டி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவிப் பின்சீட்டில் போட்டாள். சீட்டில் நன்றாகச் சாய்ந்த பிறகும் அவன் கால் கிளச்சை எட்டியது.